டிஸ்சார்ஜ் தாளில் இல்லாத கேள்வி

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் இருக்கும். எந்த மாத்திரையை எப்போது போடுவது, உப்பை எவ்வளவு குறைப்பது, எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். துணையோடு எப்போது சேரலாம் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. புற்றுநோய்ப் பிரிவு, சர்க்கரை நோய்ப் பிரிவு, முதுகுத்தண்டு மறுவாழ்வுப் பிரிவு என்று எங்கே போனாலும் இதே நிலைதான். விடுபட்ட அந்த ஒரு வரியைப் பற்றி நோயாளிகளோடு பேசுவது என் வேலை. செவிலியராகத் தொடங்கி, பாலியல் நல ஆலோசகராகப் பயிற்சி பெற்று, இப்போது வார்டு வார்டாகப் போய் உட்கார்ந்து பேசுகிறேன்.

நோயாளி கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நாம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. 2007இல் அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. 65 முதல் 74 வயதுக்காரர்களில் 53 சதவீதம் பேர் உடலுறவு வாழ்க்கை இருக்கிறது என்றார்கள். ஆனால் 50 வயதுக்குப் பிறகு மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசியவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 22 சதவீதம்தான். வயதானவர், நோயாளி, இவருக்கு இதெல்லாம் எதற்கு என்று மருத்துவர் நினைக்கிறார். மருத்துவரே கேட்கவில்லை, அப்படியானால் இது கேட்கக் கூடாத விஷயம் போலிருக்கிறது என்று நோயாளி நினைக்கிறார். இரண்டு பேரும் நாகரிகமாக வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அந்த மௌனம் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை இதய நோயாளிகளிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். மாரடைப்பு வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. உடற்பயிற்சி வகுப்பில் வேகமாக நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார், வேலைக்கும் போகிறார். இரவில் மட்டும் அந்த அம்மா பக்கத்து அறையில் படுக்கிறார். கணவரைத் தனியாக அழைத்துக் கேட்டபோது, “அவளுக்கு என்மேல இருந்த பிரியம் போயிடுச்சு மேடம், நோயாளியாத்தான் பாக்குறா” என்றார். அந்த அம்மாவிடம் கேட்டபோது வேறு பதில் வந்தது. “பக்கத்துல படுத்தா அவருக்கு ஆசை வந்துடும். ஏதாவது ஆகிட்டா நான்தானே கொன்னுட்டேன்னு ஆகிடும்?”

இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். உடலுறவில் இதயத்துக்கு ஆகிற வேலை, நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் இரண்டு மாடி ஏறுவதற்கு ஏறக்குறைய சமம். அதைச் செய்ய முடிகிறவருக்கு இதையும் செய்ய முடியும். சிக்கல் ஏதும் இல்லாத மாரடைப்பு என்றால், மிதமான வேலையில் தொந்தரவு வராதவர்கள் ஓரிரு வாரங்களிலேயே தொடங்கலாம் என்பது 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். உடலுறவோடு தொடர்புள்ள மாரடைப்புகள் மொத்த மாரடைப்புகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். கணவர் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இதையா இத்தனை மாசம் மனசுல வெச்சிட்டிருந்தே?” என்று கேட்டார்.

அதோடு முடியவில்லை. தயங்கித் தயங்கி அவர் இன்னொன்றையும் சொன்னார். தனக்கு விறைப்பு சரியாக வராதோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் சில்டெனாஃபில் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். அதே சட்டைப்பையில் நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் மாத்திரையும் இருந்தது. இவை இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரத்துக்கும், அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. உயிர் பிழைத்ததே பெரிது, இந்தப் பேச்சு இப்போது தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தச் சட்டைப்பைதான். கேட்காமல் விடுவதிலும் உயிர் போகும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஜாக் ஆனன் என்ற உளவியலாளர் 1976இல் வகுத்த நான்கு படிகளைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் படி, இதைப் பற்றிப் பேசலாம் என்ற அனுமதியைத் தருவது. அடுத்து, தேவையான அளவுக்குத் தகவல். அதற்கடுத்து, அவருக்கென்று குறிப்பான யோசனை. கடைசியில், தீவிர சிகிச்சை. பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு படிகளே போதும், மூன்றாவதைத் தாண்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அனுமதி தருவதற்கு நான் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்திருக்கிறேன்: “இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்குத் தாம்பத்தியத்துல சிரமம் வரும். உங்களுக்கு அதுல ஏதாவது கேட்கணும்னு இருக்கா?” நிறைய பேருக்கு வரும் என்று தொடங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. கேட்பவர் தனியாள் இல்லை என்று ஆகிவிடுகிறது. இதை வார்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கேட்கக் கூடாது. திரைச்சீலை பார்வையைத்தான் மறைக்கும், பக்கத்துக் கட்டிலுக்கு எல்லாம் கேட்கும். கதவு உள்ள ஓர் அறை வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் போராடியது போல் வேறு எதற்கும் போராடியதில்லை.

பெண்களிடம் மௌனம் இன்னும் ஆழம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த ஒருவருக்கு, சிகிச்சை முடிந்ததும் ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே பிறப்புறுப்பை விரிக்கும் டைலேட்டர்கள், சிறியதிலிருந்து பெரியது வரை. ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. யாரும் விளக்கவில்லை. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆன பெண் அவர். பெட்டியைத் திறந்து பார்த்தவர் கூனிக்குறுகி அலமாரியின் அடியில் ஒளித்து வைத்துவிட்டார். ‘என்னைப் பத்தி என்ன நினைச்சாங்க?’ என்ற கேள்வி அவரை அரித்திருக்கிறது. கதிர்வீச்சு பட்ட திசு வடுவாகி இறுகும், யோனி சுருங்கும், மறுபடி நோய் வந்திருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பதற்குக்கூட வழியில்லாமல் போகும், அதைத் தடுக்கத்தான் இந்தக் கருவி என்று சொன்னதும் முகம் தெளிந்தது. எந்த அளவில் தொடங்குவது, தண்ணீர் அடிப்படையிலான வழுக்குக் களிம்பை எவ்வளவு தடவுவது, வலித்தால் எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். எழுந்து போகும் முன், “ஒருவேளை பிற்காலத்துல எனக்குன்னு யாராவது வந்தா?” என்று கேட்டார். அப்போதும் உங்கள் உடல் உங்களுக்கு இருக்கும் என்றேன்.

மார்பகப் புற்றுக்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு யோனி வறட்சி வந்து, உறவு எரிச்சலாகிவிடும். ஒருமுறை வலித்தால் அடுத்த முறை தொடும் முன்பே உடல் இறுகிக்கொள்ளும். அதை வெறுப்பு என்று துணை எடுத்துக்கொள்கிறார். ஆசையே வருவதில்லை என்று இவர்கள் குற்றவுணர்வோடு சொல்லும்போது, கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000இல் முன்வைத்த கருத்தைச் சொல்வேன். ஆசை முதலில் பொங்கி, அதன்பின் நெருக்கம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நெருக்கமும் தொடுதலும் இதமாக இருந்தால், அவற்றின் நடுவே ஆசை பிறக்கலாம். வலியைச் சரிசெய்யாமல் ஆசையைத் தேடுவதில் பலனில்லை.

முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்களிடம் பேச முதலில் அவர்களுடைய அம்மாவை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். மகனின் சிறுநீர்க் குழாயிலிருந்து எல்லாவற்றையும் கவனிக்கும் அம்மாவிடம், கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று சொல்வது கடினம்தான். ஆனால் வெளியே போனதும் பையன் கேட்கிற முதல் கேள்வி நடப்பதைப் பற்றியதாக இருக்காது. விறைப்புக்கு இரண்டு பாதைகள் உண்டு. தொடுதலால் வருவது தண்டுவடத்தின் கீழ்க்கோடியிலுள்ள நரம்புகளின் வழியாக, நினைப்பால் வருவது அதற்கு மேலே உள்ளவற்றின் வழியாக. அடி எங்கே பட்டது என்பதைப் பொறுத்து ஒன்று போய் மற்றது மிஞ்சலாம். விந்து தானாக வெளியேறாவிட்டாலும் அதிர்வுக் கருவி கொண்டு வெளிக்கொணர்ந்து பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மார்பின் நடுப்பகுதி மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு உச்ச நேரத்தில் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறலாம். தலை பிளப்பது போல் வலித்தால் உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இதுபோன்ற எச்சரிக்கையைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் பயம் வருவதில்லை. தங்களுக்கும் அப்படி ஒரு வாழ்க்கை உண்டு என்று நான் எடுத்துக்கொண்டு பேசுவதை அவர்கள் கவனித்துவிடுகிறார்கள்.

புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு விந்து வெளிவராது, ஆனால் உச்சம் வரும் என்பதை அறுவைக்கு முன்பே சொன்னால் பாதிக் கலக்கம் குறையும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றால் உச்சம் தாமதமாகும். அது தெரியாமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். வயதான பிறகு புதிய துணை கிடைத்தவர்கள், கருத்தரிக்கும் பயம் இல்லையே என்று ஆணுறையை மறக்கிறார்கள். கிருமிக்கு வயது தெரியாது. துணை என்பவர் ஆணா பெண்ணா என்று நான் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. பார்வையாளர் பட்டியலில் நண்பர் என்று எழுதப்பட்டவர்தான் பல ஆண்டு வாழ்க்கைத் துணை என்பது அப்படித்தான் தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட விளக்கம், நோய் இல்லாதிருப்பது மட்டும் பாலியல் நலம் ஆகாது என்கிறது. வற்புறுத்தலும் வன்முறையும் இல்லாத, இன்பமான, பாதுகாப்பான அனுபவத்துக்கு இடம் வேண்டும் என்கிறது. வற்புறுத்தல் இல்லாமை என்பது என் கேள்விக்கும் பொருந்தும். நுரையீரல் நோயால் ஆக்சிஜனோடு இருந்த முதியவர் ஒருவரிடமும் அவர் மனைவியிடமும் என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். “நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்மா. இப்ப எங்களுக்குக் கையைப் பிடிச்சிட்டுப் படுத்தா போதும். ஆனா நீங்க கேட்டது நல்லது” என்றார் அந்த அம்மா. அப்படியே குறித்துக்கொண்டேன். படுக்கும்போது கணவருக்கு மூச்சு திணறாமல் தலையணையை எப்படி வைப்பது என்று அந்த அம்மா கேட்டார். மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம்.