மைக் இரைச்சல்: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் செய்து பார்த்தவை

குரல் பதிவில் பேச்சுக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல், அதற்கும் அடியில் ஒரு ரீங்காரம். சட்டையில் மாட்டும் சாதாரண மைக். கேபினட்டின் முன்பக்க 3.5 மி.மீ. ஜாக்கில் செருகியிருந்தேன். லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருள் பைப்வயர். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடைசியில்தான் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். வரும் இடத்திலேயே குறைத்தால்தான் குரல் குரலாக மிஞ்சும்.

எதுவும் பேசாமல் சில நொடிகள் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் வரைபடம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) பார்த்தேன். சீறல் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடந்தது. ரீங்காரம் அப்படியில்லை. 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசிபோல நின்றது: வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இதே ஊசிகள் 60, 120, 180-இல் நிற்கும். ஆக, இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு.

சீறலை முதலில் எடுத்தேன். டெர்மினலில் ஆல்சாமிக்சரை (ஒலி அளவுகளை மாற்றும் கருவி) திறந்து, எஃப்6 அழுத்தி சரியான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்தினால் பதிவுப் பக்கம் வரும். அங்கே ஃப்ரண்ட் மைக் பூஸ்ட் (முன்பக்க மைக்கின் கூடுதல் பெருக்கம்) முழு உச்சத்தில், 30 டெசிபலில் இருந்தது. 30 டெசிபல் என்றால் மின்னழுத்தம் ஏறக்குறைய 32 மடங்கு! குரலோடு சேர்த்து சர்க்யூட்டின் சொந்த இரைச்சலும் அதே அளவு பெருகும். டெஸ்க்டாப்பின் ஒலியளவு ஸ்லைடர் பெரும்பாலும் பூஸ்ட்டையும் சேர்த்தே நகர்த்துவதால் இது வெளியே தெரிவதில்லை. பூஸ்ட்டை 10-க்கு இறக்கி, கேப்சர் என்ற பதிவு அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். அப்புறம் மைக்கை வாய்க்குப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், இரைச்சல் கூடாது. இதைவிட மலிவான வழி கிடையாது. சீறல் பேச்சுக்கடியில் அமுங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: பிரவுசர் வழி வீடியோ அழைப்புகள் மைக் அளவைத் தாமாகவே ஏற்றிவிடக்கூடும். அழைப்பு முடிந்ததும் ஆல்சாமிக்சரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரீங்காரத்தோடு இன்னொன்றும் ஒட்டியிருந்தது: மவுசை நகர்த்தினால் 'கிர்ர்' என்று மெல்லிய சத்தம். முன்பக்க ஜாக்கின் ஒயர் கேபினட்டுக்குள் மற்ற பாகங்களை ஒட்டியே ஓடுவதால் அங்குள்ள மின்குறுக்கீட்டை வாங்கிக்கொள்கிறது. மைக்கைப் பின்பக்க ஜாக்குக்கு மாற்றினேன், 'கிர்ர்' போயிற்று. ஜாக் மாறினால் பூஸ்ட்டும் வேறு. ரியர் மைக் பூஸ்ட்டையும் தனியாக இறக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஊசி மட்டும் அசையவில்லை. ஸ்பீக்கரின் ஆடியோ ஒயரைக் கழற்றிப் பார்த்தேன், ஊசி சரிந்தது. ஸ்பீக்கர் ஒரு பிளக்கிலும் கணினி வேறொன்றிலும் இருந்தன. இரண்டு பிளக்கின் எர்த்தும் ஆடியோ ஒயரும் சேர்ந்து ஒரு மின்சுற்று உருவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றியதும் ரீங்காரம் காதுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது. எர்த் பின்னைத் துண்டித்துப் பார்ப்பது மட்டும் கூடாது, அது உயிருக்கு ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈசிஎஃபெக்ட்ஸ் என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் வடிகட்டியைப் போட்டேன். ழான்-மார்க் வாலின் எழுதியது. ஒலியை 10 மில்லிநொடித் துண்டுகளாகப் பார்த்து, பல அலைப்பட்டைகளில் எதை அமுக்குவது என்று நரம்பு வலையால் (பயிற்சி கொடுக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு) தீர்மானிக்கிறது. பழைய இரைச்சல் பதிவையும் புதிய பதிவையும் இதே வடிகட்டியில் விட்டு ஒப்பிட்டேன். பழையதில் 'பாட்டு', 'காற்று' போன்ற சொற்களின் கடைசி உகரம் விழுங்கப்பட்டு 'பாட்ட்', 'காற்ற்' என்று வெட்டுப்பட்டது. புதியதில் அந்தக் குறுகிய உகரம் தெளிவாகக் கேட்கிறது. எனக்கு இதுதான் பெரிய நிறைவு.

அமைப்புகளை ஆல்சாசிடிஎல் ஸ்டோர் கட்டளையால் சேமித்தாயிற்று. கேபினட் மின்விசிறியின் சத்தம் இன்னும் லேசாக விழுகிறது. அதன் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.