பார்வையாளர் நேரம்

ஜூன் 3

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகலாமாம்.

ஜூன் 4

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’, 1886. கதை தொடங்கும்போதே ஆள் செத்துப்போயிருக்கிறான். கூட வேலை பார்த்தவர்கள் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலில் ஓடுகிற நினைப்பு, காலியான இடத்தால் யாருக்குப் பதவி உயர்வு என்பது. அடுத்தது, செத்தது நான் இல்லை என்ற நிம்மதி. கல்லூரியில் படித்தபோது இதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். அதிகாரிகளைக் குத்துகிறார், சரி, என்று அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன்.

இன்று ஒரு உறவினர் ஃபோன் செய்தார். “எந்த ஸ்டேஜ்னு சொன்னாங்களா?” என்றார். ரிப்போர்ட்டே வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “வீடு அம்மா பேர்லதானே இருக்கு?”

கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். அவர் கெட்டவர் இல்லை. அப்பா போனபோது ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர். அந்த மனிதருக்குள்ளேதான் இந்தக் கேள்வியும் இருக்கிறது. இப்போது அந்த முதல் அத்தியாயத்தைப் படித்தால் கிண்டலே தெரியவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 5

அண்ணனின் வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் யாரோ சிரிக்கிறார்கள். மறுபடி போட்டுக் கேட்டேன், அந்தச் சிரிப்புக்காக.

ஜூன் 7

குடும்பம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். ராத்திரி தங்குவது பெண்கள். மகள், மருமகள், தங்கை. காலையில் குளித்து, சட்டை மாற்றி வருகிற ஆண் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறான். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அவனிடம்தான் பேசுகிறார். ராத்திரி எத்தனை தடவை வாந்தி என்று கேட்டால் அவன் திரும்பி அவளைப் பார்க்கிறான். அவள் அவனிடம் சொல்கிறாள், அவன் டாக்டரிடம் சொல்கிறான். மூன்று பேருக்கும் ஒரே பாஷை. நடுவில் மொழிபெயர்ப்பாளன் எதற்கு?

என்னிடம், “கூட வேற யாரும் வரலையா?” என்கிறார்கள். நான் வந்திருப்பது கணக்கில் இல்லை.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ ஞாபகம் வந்தது. படுத்த படுக்கையான மனைவியை ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற கதை. வறுமையின் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கடையிலிருந்து களைத்து வந்தும் பக்கத்தில் உட்கார்கிற அந்த ஆண் எனக்கு முன்பு கண்ணில் பட்டதே இல்லை. இந்தக் கூடத்தில் அப்படி ஒருவரைத் தேடினேன். இருக்கிறார். மூன்றாவது வரிசையில், மடியில் பெண்கள் கைப்பையோடு ஒரு பெரியவர். சிஸ்டர் கேட்பதற்கு முன்பே மாத்திரைப் பெயர்களை ஒப்பிக்கிறார்.

ஜூன் 8

அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறவில்லை, கை வீங்கிவிட்டது. மறு கையில் போட்டார்கள்.

குறள் 950. மருந்து அதிகாரத்தின் கடைசி. உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான், நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். நோயாளியை முதலில் வைத்து, கூட இருப்பவனையும் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார். எண்ணிக்கையில் சேர்த்ததற்கே அவர் காலில் விழலாம். இங்கே போர்டில், ‘ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ‘மட்டும்’ சிவப்பில்.

ஜூன் 10

வந்துவிட்டது.

ஜூன் 11

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா முடிவு செய்துவிட்டார். “தெரிஞ்சா பாதி உசிரு அப்பவே போயிடும்மா.” அண்ணனும் ஃபோனில், “மாமா சொல்றது சரி” என்றான். அங்கே இருந்துகொண்டு சரி என்பது சுலபம். சிரித்த முகத்தோடு உள்ளே போக வேண்டியவள் நான்.

புத்தக அட்டையைச் செய்தித்தாளால் மூடிவிட்டேன். தலைப்பு அம்மா கண்ணில் பட வேண்டாம்.

இவான் இலியிச்சை வலியைவிட அதிகம் வதைப்பது பொய். நீ நோயாளிதான், சாகப்போகிறவன் இல்லை, டாக்டர் சொன்னபடி கேட்டால் சரியாகிவிடும் என்று வீடே நடிக்கிறது. அவனையும் அந்த நடிப்பில் சேர்த்துக்கொள்கிறது. நடிக்காதவன் ஒருவன்தான், கெராசிம் என்கிற வேலைக்காரப் பையன். எசமானின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்காருகிறான். எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே, இந்தச் சிரமத்தைப் படாமல் என்ன, என்கிறான்.

நாவலில் எனக்கு இவானின் மண்டைக்குள் போக வழி இருக்கிறது. எதிரே கட்டிலில் படுத்திருக்கிற அம்மாவுக்குள் போக வழியில்லை. “ரிப்போர்ட் என்னாச்சு?” என்று கேட்கவே இல்லை அவள். நேற்றுவரை தினமும் கேட்டவள்.

ஜூன் 12

காஃப்காவின் ‘உருமாற்ற’த்தில் தங்கை கிரெட்டா முதலில், பூச்சியாக மாறிவிட்ட அண்ணனுக்கு எது பிடிக்கும் என்று பார்க்க விதவிதமான சாப்பாட்டைக் கொண்டுவந்து பரப்புகிறாள். பின்னால், கிடைத்ததைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போகிறாள். நடுவில் அவள் கெட்டவளாக மாறவில்லை. தூக்கமில்லை, அவ்வளவுதான்.

இன்று அம்மாவிடம் கத்திவிடாமல் வெளியே வந்து நின்றேன்.

ஜூன் 13

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்குமோ? ராத்திரி முழுக்க இதே.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது. கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று முடித்துவிடுகிறாள். இப்படி எந்தத் தாய் செய்வாள் என்று கொதித்தவர்கள் உண்டு. அப்புறம் அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதில் அம்மா கூச்சல் போட்டுவிடுகிறாள், விஷயம் ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். நடந்தது ஒன்றுதான். வாயை மூடிய தாய்க்கு ஒரு மகள், திறந்த தாய்க்கு வேறு மகள்.

அப்படியானால் மறைப்பது கருணையா? ஜெயகாந்தனின் தாய் மறைத்தது மகளுக்காக, உலகத்திடமிருந்து. இவான் வீட்டில் மறைப்பது அவனிடமிருந்து, மற்றவர்கள் நிம்மதியாகச் சீட்டாடப் போவதற்காக. மாமாவுடையது எதில் சேரும்? என்னுடையது? சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அம்மா அழுவதைப் பார்க்க வேண்டியதில்லை.

இதை அண்ணனுக்கு டைப் செய்து, அனுப்பாமல் அழித்தேன்.

ஜூன் 15

மூன்றாவது வரிசைப் பெரியவர் இன்று வரவில்லை. கேட்கவில்லை.

ஜூன் 16

தூங்குகிறாள் என்று நினைத்துக் கட்டில் ஓரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

“பேப்பர் போட்டு மூடி வச்சிருக்கியே, என்ன புஸ்தகம்டி அது?”

ரஷ்யக் கதை என்றேன்.

“யாரைப் பத்தி?”

ஒரு அதிகாரி, உடம்பு சரியில்லாமல் போகிறது, என்று ஆரம்பித்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர்கள், மனைவி, சீட்டாட்டம், கெராசிம். அம்மா குறுக்கே பேசவில்லை. கெராசிம் கால்களைத் தாங்கிக்கொண்டது வரை வந்ததும், “அந்தப் பையன் மட்டும் பொய் சொல்லலையாக்கும்?” என்றாள்.

“ஆமாம்மா. அவன் மட்டும்தான்.”

“அவனுக்கென்ன. வேலைக்காரன். செத்தா வேற வீடு பார்த்துக்குவான். பெத்ததுங்களும் கட்டினவளும்தான் பொய் சொல்லணும்.”

இத்தனை வருஷம் கெராசிமை நல்லவன் என்று மட்டும்தான் படித்திருக்கிறேன். இழப்பதற்கு எதுவும் இல்லாதவனுக்கு உண்மை பேசுவது எவ்வளவு லேசு என்று எனக்குத் தோன்றியதில்லை. எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவும் இல்லை.

அப்புறம், “காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி” என்றாள். பிடித்தேன். கதையின் முடிவை அவள் கேட்கவில்லை.

ஜூன் 17

அண்ணன் நாளை வருகிறான். பாஸ் ஒன்றுதான். அவன் மேலே போனால் நான் கீழே. அதற்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும், அம்மாவுக்கு முன்னால் அந்தச் சிரிப்பை மட்டும்