சூரியனை நோக்கிய கலமும் சூலூர்பேட்டை ஆட்டோவும்

சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 கலம் ஏவப்படுவதைப் பார்க்க ஸ்ரீஹரிகோட்டா சென்று வந்த செலவுக் கணக்கை முதலில் எழுதிவிடுகிறேன். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி இலவசம். கொருக்குப்பேட்டையில் ஏறி எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வழியாகச் சூலூர்பேட்டை செல்லும் ரயிலுக்குச் சில்லறைதான் செலவாயிற்று. அங்கிருந்து பழவேற்காடு ஏரியைக் கடக்கும், 20 கிலோமீட்டரைக்கூட எட்டாத சாலைக்குத்தான் ஆட்டோ ஓட்டுநர் 800 ரூபாய் கேட்டார். "ராக்கெட் நாள்ல இதுதாண்ணா ரேட்டு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நெடுநேரம் பேரம் பேசி 650 ரூபாய்க்குப் படிய வைத்தேன், அதுவும் பகற்கொள்ளையே.

செப்டம்பர் 2, 2023 சனிக்கிழமை, காலை 11.50 மணி. மரங்களின் தலைக்கு மேலே நெருப்பு எழுந்தபோது மாடமே கூச்சலிட்டது. ராக்கெட்டின் முழக்கமோ சில நொடிகள் கழித்தே வந்து நெஞ்சில் இடித்தது. ஆதித்யா எல்-1 கலத்தைச் சுமந்த பி.எஸ்.எல்.வி. சி-57 ராக்கெட் சுமார் 44 மீட்டர் உயரம், 320 டன் எடை கொண்டது. அதன் முதல் அடுக்கைச் சுற்றியுள்ள ஆறு துணை மோட்டார்களில் நான்கு தரையிலேயே பற்றிக்கொள்ள, மற்ற இரண்டும் ஏறத்தாழ 25 நொடிகளுக்குப் பின் வானில் பற்றுகின்றன. எரிந்து தீர்ந்த அடுக்கை வீணாகச் சுமக்காமல் கழற்றி எறிந்துவிட்டு மேலே செல்கிறது. கிழக்குப் பக்கமாகப் பாய்வதால் பூமியின் சுழற்சியும் நொடிக்கு 450 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. பேரம் பேசியே களைத்துப்போன எனக்கு இந்தச் சிக்கனம் பெரிதும் பிடித்துவிட்டது.

ராக்கெட் கண்ணிலிருந்து மறைந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போனது பெரிய மடத்தனம். கலம் தனியே பிரிவது 63 நிமிடங்களுக்குப் பிறகுதான். அதைத் திரையில் பார்த்த பின்னரே நான் கிளம்பினேன். பிரிந்த கலம் நேராகச் சூரியனை நோக்கிப் பறந்துவிடுவதில்லை. பூமிக்கு 235 கிலோமீட்டர் அருகிலும் 19,500 கிலோமீட்டர் தொலைவிலும் மாறி மாறிச் செல்லும் நீள்வட்டப் பாதையில்தான் அது விடப்பட்டது. பூமியை நெருங்கும்போது கலத்தின் வேகம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து இயந்திரத்தைச் சிறிது இயக்கினால், அதே எரிபொருளுக்குக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்துவதைப் போல இப்படிப் பாதையை நீட்டி நீட்டி, பின்னர் பூமியின் ஈர்ப்பை விட்டு விலகி, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர ஏதுவான எல்-1 புள்ளியை அடைய ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. அங்கிருந்து சூரியனைக் கிரகண மறைப்பின்றி எப்போதும் நோக்கலாம். கலத்தில் ஏழு கருவிகள் உள்ளன: நான்கு சூரியனைக் கவனிக்க, மூன்று அங்கு வந்து சேரும் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்க. சூரியனின் வெளி அடுக்கான ஒளிவட்டத்தை (கொரோனா) ஆராயும் கருவியை வடிவமைத்தது பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அப்போது திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜியோ நம் செங்கோட்டைக்காரர்.

பசியோடு சூலூர்பேட்டைக்குத் திரும்பி உண்ட ஆந்திரச் சாப்பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சூடான சோற்றில் பருப்புப் பொடியும் நெய்யும், அடுத்து நாக்கைச் சுண்டும் புளிச்சக்கீரைத் துவையல், கேட்கக் கேட்கப் பப்பு; அந்த நாளில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது இங்கு மட்டும்தான். செல்ல விரும்புவோர் இணையத்தில் முன்பதிவு தொடங்கிய உடனேயே பெயரைப் பதிந்துவிடுங்கள், இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன; அடையாள அட்டையும் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் தேவை.