வைக்கோல் பரப்பிய வீடுகள்

2024 ஜூலை 24

இன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் விடுமுறை. 1847-இல் மோர்மன்கள் என்ற மதப் பிரிவினர் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாள். ஊர்வலத்தை விட்டுவிட்டு பிக் காட்டன்வுட் மலைக்குப் போனோம். பத்தாம் ஆண்டு விழாவை அவர்கள் கொண்டாடியது இங்கேதான். ஆட்டமும் பாட்டுமாக இருந்த கூட்டத்துக்குச் சேதி வந்தது: அமெரிக்க அரசின் பட்டாளம் இவர்கள்மேல் கிளம்பிவிட்டது. மதத் தலைவர் பிரிகாம் யங்தான் கவர்னரும். அவரைத் தூக்கிவிட்டு, ஜனாதிபதி புக்கனன் புதுக் கவர்னரைப் படையோடு அனுப்பியிருந்தார். முன்பு மிசௌரி, இல்லினாய் மாநிலங்களில் அடிபட்டு வந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

ஜூலை 26

மோர்மன் படைத் தலைவர்களில் ஒருவரான லாட் ஸ்மித்தைப் பற்றிப் படித்தேன். 1857 அக்டோபரில் சில டஜன் குதிரைவீரர்களோடு போய், படையின் சரக்கு வண்டிகளைக் கொளுத்தியவர். ஆள்மேல் கைவைக்கவில்லை. பட்டாளம் பனியில் அரைவயிற்றோடு கிடந்தது.

இதை மட்டும் சொல்லி ‘ரத்தம் சிந்தாத போர்’ என்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் தெற்கு யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் படுகொலை. கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை, வெள்ளைக்கொடி காட்டி ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, மோர்மன் படையினர் கொன்றார்கள். கூட சில பையூட் பழங்குடியினரும். 17 சிறு குழந்தைகளை மட்டும் விட்டார்கள். ‘அவர்களைப் போகவிடுங்கள்’ என்ற யங்கின் கடிதம் இரண்டு நாள் பிந்தி வந்தது. தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், ஜான் டி. லீ. அதுவும் 20 வருடம் கழித்து.

ஜூலை 28

சால்ட் லேக் நகரின் மோர்மன் கோயிலைச் சுற்றிச் சாரம், மராமத்து வேலை. 1858-இல் அப்போதுதான் போட்டிருந்த அஸ்திவாரத்தை மண்மூடி, உழுத வயல்போல ஆக்கிவிட்டார்கள். அப்புறம் வீடுகளுக்குள் வைக்கோலைப் பரப்பிவிட்டு, சுமார் 30,000 பேர் தெற்கே போனார்கள். காவலுக்கு நின்ற சிலருக்கு ஒரே உத்தரவு: பட்டாளம் ஊரில் தங்கினால் தீ வை.

கையால் கட்டிய வீட்டில் வைக்கோலைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தும்போது என்ன நினைத்திருப்பார்கள்?

தீ வைக்க வேண்டிவரவில்லை. சமரசமாகி, ஜூனில் படை காலி ஊரைக் கடந்துபோனது.

ஜூலை 30

அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தபோது, தெற்கு மாநிலங்களைப்போல யூட்டா பிரிந்துபோகவில்லை. ஆனால் பெரிதாக ஆளும் அனுப்பவில்லை. 1862-இல் தந்திக் கம்பியையும் தபால் பாதையையும் காக்க லிங்கன் 90 நாளுக்கு ஒரு குதிரைப்படை கேட்டார். தலைமை தாங்கிப் போனது யார்? அதே லாட் ஸ்மித். இன்னொன்று: கோரிக்கைத் தந்தி கவர்னர் அலுவலகத்துக்குப் போகவில்லை. நாலு வருடமாக எந்த அரசுப் பதவியிலும் இல்லாத யங்குக்குத்தான் வந்தது.