டிராபுக் விடியலும் அரை மாத்திரையும்

சிவ சிவா! கயிலையைச் சுற்றிவரும் பாதையில் யாத்ரீகர்கள் இரவு தங்கும் டிராபுக்கில் பொழுது விடிகிறது. கயிலையின் வடமுகத்தில் முதல் வெயில் பட்டு, பனி உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பொன்னாக வழிகிறது. ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரம். கைகூப்பி நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை பிளக்கிறது.

நேர்த்திக்கடனுக்குக் கிளம்புகிறவர்கள் விபூதி, வில்வத்தோடு, உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸையும் (அசெட்டசோலமைடு) எடுத்துவைக்க வேண்டும். 250 மி.கி. மாத்திரையில் காலையில் பாதி, மாலையில் பாதி, ஏறுவதற்கு முதல் நாளே தொடக்கம். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்ற, ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, தூக்கத்திலும் மூச்சு ஆழமாக ஓடும். விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயம் வேண்டாம். மாலை மாத்திரையை இருட்டுமுன் போட்டால் நள்ளிரவுக் குளிரில் வெளியே ஓட வேண்டாம். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

150 மீட்டரில் இருக்கும் நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட், ஹில்சா என்று பறக்கவைத்து, மூச்சு விடுவதற்குள் மானசரோவரில் (4,590 மீட்டர்) இறக்கிவிடும் ஏஜென்ட்டுகளை என்னவென்று சொல்ல! "சிலிண்டர் இருக்கு சாமி" என்பார்கள். மூக்கில் குழாய் இருக்கும்வரைதான் அந்தச் சிலிண்டர். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. வழியில் திபெத் எல்லை ஊரான தக்லாகோட்டில் இன்னோர் இரவு சண்டை போட்டாவது வாங்குங்கள்.

தலைவலி, குமட்டல் என்றால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வு. குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம்: டெக்சாமெத்தசோன் உடனே 8 மி.கி., பிறகு 6 மணிக்கொருதரம் 4 மி.கி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரலில் நீர்: ஆக்சிஜன்; அது கிடைக்காவிட்டால் 12 மணிக்கொருதரம் மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மி.கி. எதுவானாலும் உடனே கயிலை அடிவார ஊரான தார்ச்சனுக்கு, முடிந்தால் தக்லாகோட்வரை இறக்கிவிட வேண்டும். டெக்சா போட்டதும் ஆள் தெளிந்து, "டோல்மா லா கணவாய் ஏறிடறேன்" என்பார். விடாதீர்கள். அந்த மருந்து அறிகுறியை மூடுமே தவிர உடம்பை உயரத்துக்குப் பழக்காது. மாத்திரை நின்றால், அதுவும் அந்தக் கணவாயின் 5,630 மீட்டரில், எல்லாம் திரும்பி வரும்.

இறங்கச் சொன்னால் அழுகிறார்கள். அப்பர் பெருமானையே வழியில் நிறுத்தி, திருவையாற்றில் அல்லவா கயிலைக் காட்சி கொடுத்தார்! இங்கே வடமுகம் கண்ணெதிரே நிற்கிறது. கண்ணாரப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்குங்கள். நமசிவாய!