படபடப்புக்கு டென்ஷன் காரணமில்லை

எடை குறைய ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் 6 கிலோ, சாப்பாடோ முன்பைவிட அதிகம். கூடவே படபடப்பு, தூக்கமின்மை, மற்றவர்கள் போர்வை தேடும்போது எனக்கு மட்டும் வியர்வை, இரண்டு நாள் லேசாக வந்து நின்றுபோகும் மாதவிலக்கு. 43 வயதுப் பெண் இதையெல்லாம் சொன்னால் என்ன பதில் வரும்? "டென்ஷன்", இல்லாவிட்டால் "மெனோபாஸ்". நானும் நம்பி ஐந்து மாதத்தைக் கோட்டைவிட்டேன்.

கடைசியாகப் பார்த்த டாக்டர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். ஃபேன்கூட ஓடவில்லை, தாளின் ஓரம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 118.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே, தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் எகிறியிருந்தன. டி.எஸ்.எச். குறைவு என்றதும் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், விஷயம் நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ஹார்மோன் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தால் உத்தரவு நின்றுவிடும். என் விஷயத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே போலி உத்தரவு போட்டுச் சுரப்பியை விரட்டியிருக்கிறது, அந்தப் போலி உத்தரவான ஆன்டிபாடியைப் பரிசோதித்ததில், தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய் என்று உறுதியானது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது பல மடங்கு அதிகம் வருகிறதாம். (முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள், அது ரிசல்ட்டையே புரட்டிப் போட்டுவிடும்.)

புரோப்ரனலால் மாத்திரையில் படபடப்பு இரண்டு நாளில் அடங்கியது. கார்பிமசோல் அப்படியில்லை, புதிதாகச் சுரப்பதைத்தான் அது தடுக்கும், சுரப்பியில் சேர்ந்திருக்கும் பழைய சரக்கு தீர வாரக்கணக்கில் ஆகும். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார். ஐந்தாவது வாரம் தொண்டை கரகரத்தது, இரவு ஒன்பது மணிக்கு ஓடிப்போய் ரத்தம் கொடுத்தேன். வெறும் ஜலதோஷம்தான், ஆனால் அந்த ஓட்டத்துக்காக நான் வெட்கப்படவில்லை. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இந்த மருந்தைப் பற்றி முன்னாடியே பேசிவிட வேண்டும், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களுக்கு வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச். மாதக்கணக்கில் அசையவே இல்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு ராத்திரி அழுதுகூட விட்டேன், அது எப்போதும் தாமதமாகத்தான் ஏறும் என்பதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இழந்த 6 கிலோ 8 ஆகத் திரும்பி வந்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது 14வது மாதம், தினம் 5 மில்லிகிராம் கார்பிமசோல். ஆன்டிபாடியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்வார்கள். நிறுத்தினாலும் நிறையப் பேருக்குத் திரும்பி வருமாம், அதற்குள் சுரப்பியின் வேலையை அடக்கும் கதிரியக்க சிகிச்சையான ரேடியோ அயோடின் பற்றி நான் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.