பேத்தியைத் தூக்கலாமா?

என் நோயாளியான ஓர் அம்மாவிடம் மருத்துவமனை கொடுத்தனுப்பிய கடிதத்தில் ஒரு வரிதான் என் கண்ணில் நின்றது: மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி உள்ளது. காலில் இருந்த புண் ஆறிவிட்டிருந்தது. அந்தக் கிருமியால் அவருக்கு அப்போது எந்த நோயும் இல்லை. கோலாலம்பூரின் செந்தூலில் நான் கிளினிக் திறந்த நாள்முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்னிடமே வந்து, என்னைத் தம்பி என்றே அழைத்துவந்தவர் அந்த அம்மா.

கிருமியைச் சுமப்பது வேறு, அதனால் நோயுறுவது வேறு என்பது எனக்குத் தெரியாததன்று. மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத இந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி 1961-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது என்று தேர்வுக்குப் படித்தவன்தான். அதன் சாதாரண வகை நலமாயிருக்கும் 10 பேரில் ஏறத்தாழ 3 பேரின் மூக்கில் குடியிருக்கிறது, என் மூக்கிலேயே இருக்கலாம் என்பதையும் அறிவேன். ஆயினும் அன்று கையுறை மாட்டிக்கொண்டுதான் இரத்த அழுத்தம் பார்த்தேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது கேட்டார்: "தம்பி, பேத்தியத் தூக்கலாமா?"

"கொஞ்ச நாளைக்கு வேண்டாமே, அம்மா."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்குங்கள், துண்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். குழந்தையின் தோலில் கரப்பானோ வெடிப்போ இருந்தால் எச்சரிக்கை தேவைதானே என்று பிறகு எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் குழந்தையின் தோலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. வெளியே, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் என் சிறிய கூடத்தில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் காத்திருந்தார் என்பதும் உண்மை. அவருக்காக அஞ்சினேனா, என் கிளினிக்கின் பெயருக்காக அஞ்சினேனா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. மூக்கில் முப்பிரோசின் களிம்பை 5 நாள் தடவினாலும் சிலருக்குக் கிருமி திரும்பிவிடும். மாதக்கணக்கில் தங்குவதும் உண்டு. அப்படியிருக்க, நான் சொன்ன அந்தக் கொஞ்ச நாளுக்கு அளவுதான் ஏது? இவ்வளவு அஞ்சிய நான், அதே வாரம் வெறும் சளிக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கேட்டு அடம்பிடித்த ஒருவருக்கு, வாதாட அலுத்துப்போய், என் மருந்து அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது இத்தகைய கைகளால்தான் என்பதையும் அதே தேர்வுக்குப் படித்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, யாரும் சொல்லாமலேயே, கிளினிக் அடைக்கும் நேரத்தில் கடைசி ஆளாக அந்த அம்மா வந்தார். நான் கையுறை அணியவில்லை. பேத்தியைத் தூக்கலாம், அன்று நான் சொன்னது தவறு என்றேன்.

"அவ இப்ப நடக்குறா, டாக்டர். தூக்கினா இறங்கி ஓடிடுறா."

அவர் போன பிறகு கையைக் கழுவினேன். எந்த நோயாளியைப் பார்த்த பிறகும் கழுவுவதுதான். அன்று இரண்டு முறை கழுவினேன்.